மலேரியா ஒழிந்த நாட்டில் நுளம்பைத் தேடுவது ஏன்? வன்னியின் குளங்களும் மாறும் மழையும்

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பர் 5 இல் சான்றிதழ் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், அதுவரை இந்த நாட்டில் கண்டிராத ஒரு மலேரியா நுளம்பு மன்னாரில் கிணறுகளுக்குள் பிடிபட்டது. அன்றிலிருந்து வன்னியில் இருப்பவர்களின் காதில் இரண்டு விதமான செய்தி விழுந்துகொண்டிருக்கிறது. நோய் ஒழிந்துவிட்டது என்று ஒரு பக்கம். தொட்டியை மூடுங்கள், கிணற்றுக்குள் மீன் விடுகிறோம், காய்ச்சல் என்றால் இரத்தம் கொடுங்கள் என்று மறுபக்கம். போதாததற்கு, பூமி சூடாகிறது, மலேரியா திரும்பி வரப்போகிறது என்ற பேச்சும் இப்போது சேர்ந்துவிட்டது.

முதல் இரண்டும் உண்மை. ஒன்றோடொன்று முரண்படவும் இல்லை. மூன்றாவது பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்த்தால்தான் வன்னிக்கு எப்படிப்பட்ட கண்காணிப்புத் திட்டம் வேண்டும் என்பது விளங்கும். இங்கே வன்னி என்பது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களையும் சேர்த்துத்தான்.

அடிப்படை: இரண்டும் ஓரிடத்தில் கூட வேண்டும்

மலேரியா தண்ணீரில் இருந்து வருவதில்லை, குப்பையில் இருந்தும் வருவதில்லை. பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணிதான் காரணம். இலங்கையில் பெரும்பாலும் பரவியவை இரண்டு வகை. பால்சிபாரம் ஆளைக் கொல்லக்கூடியது. வைவாக்ஸ் அவ்வளவு கொடியதல்ல, ஆனால் ஈரலுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும்பும்.

ஒட்டுண்ணியைச் சுமப்பது அனோபிலிஸ் இனப் பெண் நுளம்பு. நோயாளியைக் கடித்த கையோடு அடுத்த ஆளுக்கு அதனால் நோயைக் கொடுக்க முடியாது. உறிஞ்சிய ஒட்டுண்ணி நுளம்பின் வயிற்றுச் சுவரில் முதிர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரவேண்டும். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நாள் நுளம்பு உயிரோடிருந்தால்தான் சங்கிலி தொடரும். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதில்தான் கணக்குப் பார்க்கப்போகிறோம்.

ஆக ஓரிடத்தில் மலேரியா வர இரண்டு விடயங்கள் பொருந்த வேண்டும். ஒன்று, அந்த இடத்தில் ஏற்ற நுளம்பும், அது பெருகத் தண்ணீரும், நீண்ட நாள் வாழச் சூழலும் இருப்பது. இதை இடத்தின் ஏற்புத்தன்மை என்று சொல்லலாம். மற்றது, ஒட்டுண்ணியை உடலில் சுமந்தபடி ஒருவர் அங்கே வந்து சேர்வது. இது வரவு ஆபத்து. வன்னியில் 2012 க்குப் பிறகு இல்லாமல் போனது ஒட்டுண்ணி மட்டுமே. ஏற்புத்தன்மை எங்கும் போகவில்லை. இரணைமடுக் குளம் அங்கேயேதான் இருக்கிறது, கனகராயன் ஆறும் அப்படியே.

‘இல்லை’ என்றால் எது இல்லை?

நோயாளியை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று தெரியாததால்தான் செய்தி படிப்பவர்களுக்குப் பாதிக் குழப்பம் வருகிறது.

1. வெளியிலிருந்து வந்த தொற்று: ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ நுளம்பு கடித்து, இங்கே வந்து காய்ச்சலில் படுப்பவர். இப்படி ஆண்டுதோறும் சில பத்துப் பேர் நாட்டில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். சான்றிதழுக்கு இதனால் பாதகமில்லை.

2. அறிமுகத் தொற்று: அப்படி வந்தவரைக் கடித்த உள்ளூர் நுளம்பு, எங்கும் பயணம் போகாத இன்னொருவருக்கு நோயைக் கொடுப்பது. சான்றிதழுக்குப் பிறகு இப்படியான முதல் நோயாளி 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். இந்தியாவில் இருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரின் உடலில் இருந்த வைவாக்ஸ்தான் மூலம்.

3. உள்ளூர்த் தொற்று: அந்த இரண்டாமவரிடமிருந்து மூன்றாமவருக்கு, அவரிடமிருந்து நான்காமவருக்கு என்று இங்கேயே சுற்றத் தொடங்குவது. இலங்கையில் இப்படியான கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார்.

மூன்றாவது வகை இல்லை என்பதற்குத்தான் சான்றிதழ். ஒரே இடத்தில், ஒரே வகை ஒட்டுண்ணியால், ஆண்டுக்கு மூன்று உள்ளூர் நோயாளிகளாவது அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் வந்தால்தான் நோய் மறுபடி வேரூன்றியதாகக் கொள்வார்கள். அதனால் ஒரு நோயாளியைக் கண்டதும் ‘மலேரியா திரும்பிவிட்டது’ என்று தலைப்புப் போடுவது தவறு. ‘மலேரியாதான் இல்லையே’ என்று பேசாமல் இருப்பது அதைவிடத் தவறு.

சரி, 1 இலிருந்து 2 க்குப் போக எவ்வளவு நாள்? வன்னி வெப்பத்தில் நுளம்புக்குள் ஏறத்தாழ 10 நாள், அடுத்த ஆளின் உடலில் காய்ச்சல் தெரிய இன்னொரு 14 நாள். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் கதை இது. வைவாக்ஸ் வந்தவர் தனக்குக் காய்ச்சல் என்று உணரும் முன்பே நுளம்புக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்பதால் இந்த ஒரு மாதத்தில் வீணாக்க நாளே இல்லை.

இரண்டு பெரிய பாடங்கள்

பழைய வரலாறு முழுவதையும் இங்கே சொல்லத் தேவையில்லை. காலநிலையோடும் கண்காணிப்போடும் நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு மட்டும் போதும்.

முதலாவது 1934–35. ஏறத்தாழ 80,000 பேர் இறந்துபோன பெருந்தொற்று அது. மழை கூடியதால் வந்தது என்றுதான் பலர் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. 1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருக்கெடுத்து ஓடும் களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றி, மணலுக்கிடையே தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில், இலங்கையில் மலேரியாவை முக்கியமாகச் சுமந்த அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பு பெருகியது. ஈரவலயத்து மக்களுக்கு மலேரியாவில் பழக்கமில்லை, உடலில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. ஆண்டாண்டாய்க் காய்ச்சலோடு வாழ்ந்த உலர்வலயத்தை விட கேகாலை, குருநாகல் பக்கம்தான் பேரழிவு. வறட்சியும் மலேரியாவைக் கொண்டுவரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது 1963. டி.டி.ரி. பூச்சிகொல்லித் தெளிப்பால் நாடு முழுவதிலும் நோயாளிகள் 17 பேராகக் குறைந்த ஆண்டு. வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தி, கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969 ஆகும்போது ஆண்டுக்கு 5 இலட்சத்துக்கு மேல் நோயாளிகள். அதன் பிறகு மலத்தியன் பூச்சிகொல்லி வந்தது, குளோரோகுயின் மருந்துக்கு அடங்காத பால்சிபாரம் வந்தது, போர் வந்தது. 1999 இல் கூட நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. அவர்களில் பெரும்பகுதியினர் வடக்குக் கிழக்கில் இருந்தவர்கள். 17 இலிருந்து 5 இலட்சத்துக்குப் போக எடுத்தது ஆறே ஆண்டு. திரும்பப் பூச்சியத்துக்கு வர அதன் பிறகு 43 ஆண்டு.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மலேரியா கிளம்பும் என்று எல்லோரும் அஞ்சினார்கள், கிளம்பவில்லை. 2009 இல் 3 இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் செட்டிக்குளம் முகாம்களில் கூடாரங்களுக்குள் நெருக்கப்பட்டிருந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 600 பேர் கூட இல்லை. மருந்து பூசிய நுளம்புவலை, வீட்டுக்குள் தெளிப்பு, நடமாடும் இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் மக்களின் உடலில் இருந்த ஒட்டுண்ணி அதற்குள் பெரும்பாலும் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. தண்ணீரும் நுளம்பும் இருந்தன, சுமந்து வர ஆள் இல்லை. பேரிடர் வந்தால் மலேரியாவும் கூடவே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பார்க்க வேண்டும்.

வெப்பம் என்ன செய்யும்? ஒரு சிறு கணக்கு

ஒட்டுண்ணி நுளம்புக்குள் முதிர எடுக்கும் நாளை மதிப்பிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. பால்சிபாரத்துக்கு, சராசரி வெப்பநிலையில் இருந்து 16 ஐக் கழியுங்கள். வரும் எண்ணால் 111 ஐ வகுத்தால் நாட்கள் கிடைக்கும்.

20 பாகை செல்சியஸ் என்றால் 28 நாள். 25 பாகை என்றால் 12 நாள். 30 பாகை என்றால் 8 நாள். 16 பாகையைச் சுற்றி நிற்கும் நுவரெலியாவில் முதிர்வே நடக்காது. மலைநாட்டுக்கு ஒன்றிரண்டு பாகை கூடினால் கதை மாறும் என்று சொல்வதில் நியாயம் உண்டு.

வன்னியில்? தை மாதக் குளிரிலேயே சராசரி 25 ஐச் சுற்றி நிற்கிறது. மலேரியா பரவத் தேவையான வெப்பம் இங்கே எப்போதும் இருந்திருக்கிறது. இன்னும் கூடினால் என்னாகும் என்று பார்ப்போம். 100 நுளம்புகள் நோயாளியைக் கடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் 100 க்கு 80 தப்பிப் பிழைக்கும் என்றும் வைப்போம். 25 பாகையில், 12 நாள் கழித்து மிஞ்சுவது 7. 30 பாகையில் 8 நாளே போதும் என்பதால் மிஞ்சுவது 17. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த 30 பாகை சோளகக் காற்றடிக்கும் காய்ந்த வெயில் என்றால் நுளம்பு அவ்வளவு நாள் தாங்காது. நாளுக்கு 70 தான் தப்பும் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், 8 ஆம் நாள் மிஞ்சுவது 6 மட்டும்.

இந்த 80 உம் 70 உம் விளக்கத்துக்காக எடுத்த எண்கள். ஆனால் விளைவின் போக்கு ஆய்வுகள் காட்டுவதோடு ஒத்தது: மலேரியா பரவ மிக வசதியான வெப்பநிலை 25 பாகைக்கு அண்மையில். அதற்கு மேலே போகப் போகப் பரவல் குறைந்து, 34 பாகையளவில் ஏறக்குறைய நின்றே போகும். ஆகவே ‘சூடாகிறது, அதனால் மலேரியா கூடும்’ என்ற வாக்கியம் நுவரெலியாவுக்குப் பொருந்தலாம், வன்னிக்குப் பொருந்தாது. இங்கே காலநிலை மாற்றம் வேலை செய்வது தண்ணீர் வழியாக.

ஒரு குளத்தின் ஆண்டு

கியூலிசிபேசிஸுக்கு வேண்டியது வெயில் படும், தெளிந்த, ஓடாத தண்ணீர். சாக்கடை அதற்குப் பிடிக்காது. குளம் நிறைந்து அலையடிக்கும்போது நடுக்குளத்திலும் அது பெருகாது. நிறைந்த குளத்தைக் கண்டு பயப்படுபவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கும். தொடர்ந்து கொட்டும்போது ஆறுகள் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். குளம் வான் பாயும் நாட்களும் அப்படித்தான். ஆபத்து பிறகுதான் தொடங்குகிறது. மார்கழி கடைசியில் மழை ஓயும். ஆறு ஓட்டம் குறைந்து மணலில் குட்டை குட்டையாய் நிற்கும். குளக்கட்டுக்குக் கீழே கசிவு நீர் தேங்கும். உலர்வலயத்தில் அந்தக் காலத்து மலேரியா டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை உச்சத்தில் நின்றது இதனால்தான். காலபோக நெல் முற்றி, அறுவடைக்கு ஆட்கள் வயலில் நிற்கும் நேரமும் அதுவே.

சித்திரைக்குப் பிறகு சிறுபோகத்துக்குத் துருசு திறந்தால் வாய்க்கால் ஓரத்துக் குழிகள் நிரம்பும். ஆவணி, புரட்டாதியில் குளம் ஒடுங்கும். அலைகரையின் ஈரச் சேற்றில் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன இடத்தைக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு குளம்படியும் ஒரு கோப்பை தண்ணீர். அதற்குள் அரிசி அளவில் கூட இல்லாத குடம்பிகள். டெங்கு நுளம்பின் குடம்பியும் வீட்டு நுளம்பின் குடம்பியும் தலைகீழாய்த் தொங்கும். அனோபிலிஸ் குடம்பி நீர்ப்பரப்போடு ஒட்டி, படுத்த மாதிரி மிதக்கும். நிழல் விழுந்தால் பக்கவாட்டில் சட்டென்று விலகும். பூச்சியியல் குழு நீண்ட பிடி போட்ட அகப்பையால் மெதுவாக அள்ளி எண்ணுவது இவற்றைத்தான். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக இந்த வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தக் குளம்படி பத்து நாள் காயாமல் இருந்தால் அதில் கிடந்தது நுளம்பாகப் பறந்துவிடும்.

இந்த நாட்காட்டி தலைமுறைகளாகக் கொஞ்சம் முன்பின்னாக நடந்து வந்தது. இப்போது அது குலைகிறது. 2016–17 இல் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி. 2018 டிசம்பர் 21 இரவு இரணைமடுவின் வான் கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. தனியொரு வெள்ளத்தையோ புயலையோ காலநிலை மாற்றத்தின் கணக்கில் நேரே எழுத முடியாது. ஆனால் பெய்தால் கொட்டுவது, விட்டால் காய்வது என்ற போக்கு தெற்காசியா முழுவதற்கும் எதிர்பார்க்கப்படுவது. நுளம்பின் பக்கமிருந்து பார்த்தால், தேங்கலுக்கு வாய்ப்பான இடைவெளிகள் ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்குப் பதில் இரண்டு, மூன்று தடவை வரலாம். மார்கழி நடுவில் மழை மூன்று வாரம் நின்றால் ஆற்றுக் குட்டை அப்போதே தயார், மாசி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கிணற்றுக்குள் வந்த விருந்தாளி

மேலே சொன்னதெல்லாம் பழைய நுளம்பின் பழக்கம். மன்னாரில் 2016 முடிவில் பிடிபட்ட அனோபிலிஸ் ஸ்டீபன்சி வேறு மாதிரி. இந்திய நகரங்களில் மலேரியாவைச் சுமப்பது இதுதான். சென்னையில் மேல்மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் காலகாலமாகப் பெருகி வருகிறது. மன்னாரிலும் கட்டுக்கிணறுகளில்தான் கண்டார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள்.

ஆபத்து எங்கே என்றால், இதற்கு ஆற்றுக் குட்டையும் வேண்டாம், மழையும் வேண்டாம். மனிதர் சேமிக்கும் தண்ணீர் போதும். கோடையில் கிணறு வற்றி, பிரதேச சபைப் பவுசர் வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவரும் கிராமங்களை நினைத்துப் பாருங்கள். வாசலில் நீலப் பீப்பாய், பின்னால் சீமெந்துத் தொட்டி, மேலே 1,000 லீற்றர் தாங்கி. வறட்சி கடுமையாகக் கடுமையாகத் தொட்டிகள் கூடும். வெளியே குட்டைகள் காய்ந்து கியூலிசிபேசிஸ் குறையும் அதே மாதங்களில், வீட்டு வளவுக்குள் ஸ்டீபன்சிக்கு இடம் கூடும். மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று இரண்டு நுளம்பும் ஆண்டைப் பங்குபோட்டுக்கொண்டால் வன்னிக்குப் பாதுகாப்பான பருவம் என்று ஒன்று மிஞ்சாது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்குக் கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள ஜிபுட்டி சாட்சி. ஸ்டீபன்சி அங்கே கண்டறியப்பட்ட 2012 இல் அந்தச் சின்ன நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020 இல் 70,000 க்கும் மேல். ஆனால் அங்கே ஒட்டுண்ணி அண்டை நாடுகளில் இருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மன்னாரில் கையாண்ட வழிகளில் ஒன்று குடம்பி தின்னும் கப்பி மீன். வீட்டுப் படலையில் வழமையாகக் கேட்கும் பேச்சு இப்படியிருக்கும்:

“தம்பி, இது குடிக்கிற தண்ணி. மருந்து கிருந்து போட்டிடாதையுங்கோ.”

“மருந்தில்லை அம்மா, மீன்தான். மூடியை மட்டும் இடைவெளி இல்லாமல் போட்டு வையுங்கோ.”

டெங்கு நுளம்பும் இதே தொட்டிகளுக்குத்தான் வரும். டெங்குக்கு ஒரு நாள், மலேரியாவுக்கு இன்னொரு நாள் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு குழு போவதில் அர்த்தமில்லை. ஒரே ஆள் ஒரே நடையில் இரண்டு குடம்பியையும் பார்க்கலாம், வித்தியாசம் தெரிந்திருந்தால்.

பூச்சியத்தை எப்படிக் கண்காணிப்பது?

நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்த காலத்தில் முன்னெச்சரிக்கை எளிது. கடந்த ஆண்டுகளின் மாதச் சராசரியை எடுத்து, இந்த மாதம் அதைத் தாண்டுகிறதா என்று பார்த்தார்கள். மழைக்கும் நோயாளி எண்ணிக்கைக்கும் தொடர்பு கண்டு எதிர்வுகூறவும் முயன்றார்கள். எண்ணிக்கை பூச்சியமானதும் அந்தக் கணக்கு செத்துப்போகிறது. 1980 களின் தரவை வைத்து, இன்றைய மழைக்கு எத்தனை நோயாளிகள் வருவார்கள் என்று கணினி சொன்னால் நம்பாதீர்கள். நடுவில் ஒட்டுண்ணியே இல்லை. காலநிலைப் படங்களை வைத்து வண்ணம் தீட்டும் ஆபத்து வரைபடங்கள் பலவற்றின் கோளாறும் இதுவே.

ஆகவே நோயாளியை எண்ணுவதற்குப் பதில், நோயை உண்டாக்கும் கூறுகளைத் தனித்தனியே பின்தொடர வேண்டியிருக்கிறது. என் பார்வையில் வன்னிக்கான திட்டம் இந்த வரிசையில் அமைய வேண்டும்.

1. காய்ச்சல். வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சு ஒன்றும் மெல்லிய பூச்சு ஒன்றும் எடுத்து, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழே ஒவ்வொரு பரப்பாய் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் அகப்படாத வேலை இது. கண் சலிக்கும். தெரிந்தே ஒட்டுண்ணி உள்ள தகடுகளை இடையில் கலந்து கொடுத்துப் பரிசோதகரைச் சோதிப்பது அதனால்தான். பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2012 க்குப் பிறகு படித்து வெளியேறிய வைத்தியர் பலர் உள்ளூர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. காய்ச்சல் என்றதும் டெங்குப் பரிசோதனை, அது இல்லையென்றால் எலிக்காய்ச்சல், பிறகு ‘வைரஸ்’. பயணம் போனீர்களா என்ற கேள்வி வருவதற்குள் ஒரு வாரம் போய்விடுகிறது.

2. பயணம். மலேரியாவைக் கொண்டுவருவது முகில் அல்ல, மனிதர். தமிழகத்து முகாம்களில் இருந்து திரும்பும் குடும்பங்கள், யாத்திரை போய் வருபவர்கள், ஆபிரிக்க நாடுகளில் வேலையோ வியாபாரமோ செய்து வருபவர்கள், ஐ.நா. அமைதிப்படையில் இருந்து திரும்பும் படையினர், வீதி வேலைக்கும் கட்டட வேலைக்கும் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர். இதில் யாரையும் குற்றவாளியாகப் பார்க்கத் தேவையில்லை. அவர்கள் வந்து இறங்கும் கிராமத்தில் அப்போது எந்த நுளம்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கிராம அலுவலருக்கு யார் புதிதாக வந்தார் என்று தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எங்கே குடம்பி என்று தெரியும். இந்த இரண்டு பதிவும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

3. தண்ணீர். இங்கேதான் காலநிலையைப் பயன்படுத்த வேண்டும். ‘தை மாதம் குடம்பிக் கணக்கெடுப்பு’ என்று மாதத்தைக் குறித்து வைப்பதற்குப் பதில், நிகழ்வைக் குறிக்கலாம். குளம் வான் பாய்வது நின்று பத்தாம் நாள், ஆற்றுக் குட்டைகளைப் பார். மழைக்காலத்தில் மூன்று வாரம் மழை இல்லையென்றால் பார். பவுசர் ஓடத் தொடங்கிய கிராமத்தில் இரண்டாம் வாரம் தொட்டிகளைப் பார். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். நீர்ப்பாசனத் திணைக்களம் குளத்தின் மட்டத்தை எப்படியும் நாளாந்தம் குறிக்கிறது. பவுசர் விநியோகப் பட்டியல் பிரதேச செயலகத்தில் இருக்கிறது.

4. நீர் விடும் முறை. 1990 களில் ஹுருலு வாவிக்கு நீர் போகும் யான் ஓயாவில் ஒரு ஆய்வு நடந்தது. மேலிருந்து விடும் நீரை ஒழுங்குபடுத்தி, ஆற்றின் மட்டத்தைக் குட்டை தேங்காத அளவில் வைத்தால் கியூலிசிபேசிஸ் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்று அதில் கண்டார்கள். கனகராயன் ஆற்றிலோ பாலி ஆற்றிலோ அப்படியே செய்ய முடியுமா என்பது நீர் இருப்பைப் பொறுத்தது. வறட்சி ஆண்டில் நுளம்புக்காக நீர் விடச் சொன்னால் கமக்காரர் அமைப்புகள் சும்மா இருக்குமா? சிறுபோகக் கூட்டத்தில் சுகாதாரப் பக்கத்தில் இருந்தும் ஒருவர் உட்கார்ந்தால் குறைந்தது பேசவாவது முடியும்.

5. உவர்நீர். கரையோரக் கிணறுகள் உவராகி வருகின்றன. நன்னீரில் மட்டும் பெருகுவதாக நினைத்த நுளம்புகள் சில உவர்நீருக்கும் பழகுவதைக் கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையில் உவர்க்கிணறு என்று கைவிட்டவற்றையும் அகப்பை போட்டுப் பார்க்க வேண்டும்.

நோயாளி ஒருவர் அகப்பட்டுவிட்டால் நடைமுறை தெளிவானது. 24 மணி நேரத்துக்குள் சுகாதார அமைச்சின் மலேரியா தடை இயக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர் தங்கிய இடத்தைச் சுற்றியுள்ளவர்களின் இரத்தத்தைப் பார்க்க வேண்டும், நுளம்பைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் வீட்டுக்குள் தெளிக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டும் வரை அந்த இடத்தை விடக்கூடாது.

திரும்பி வந்தவருக்குக் காய்ச்சல் என்றால்

மலேரியா உள்ள நாட்டுக்குப் போகுமுன் தடுப்பு மாத்திரையை மலேரியா தடை இயக்கத்திடம் இலவசமாகப் பெறலாம். எந்த நாடு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து மாத்திரை மாறும் என்பதால் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே கேட்பது நல்லது.

போய் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்கும் வரை காத்திராமல் முதல் வாக்கியத்திலேயே நாட்டின் பெயரையும் திரும்பிய திகதியையும் சொல்லிவிட வேண்டும். போன வாரம் வந்தவர் மட்டுமல்ல, ஆறு மாதம் முன்பு வந்தவரும்தான். ஈரலில் உறங்கும் வைவாக்ஸ் ஒரு ஆண்டு கழித்துக் கூட எழும்பலாம். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மலேரியாவுக்குத் தனியாக இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வைவாக்ஸ் என்று உறுதியானால், ஈரலில் உறங்குவதைக் கொல்லும் பிரிமாகுயின் மாத்திரையை 14 நாள் கொடுப்பார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும், ஆள் எழும்பி வயலுக்கும் போய்விடுவார். மிச்சம் பதினொரு நாள் மாத்திரை அலுமாரியில் கிடந்தால், அடுத்த மாரியில் ஆற்றுக் குட்டை தேங்கும் நேரம் பார்த்து ஈரலில் கிடந்தது எழும்பலாம்.